சந்தன நிறப் பட்டுக்கு வைத்த விளக்கு

விளம்பரப் படத்துக்குத் திட்டம் போடத்தான் பக்கத்துப் புறநகரான கிரவீனில் இருக்கும் அன்ரியின் வீட்டுக்குப் போனேன். அன்ரி புடவைக் கடை வைத்திருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், அவர்கள் வாயில் ஆன்ட்டி அன்ரியாகிவிடும். கல்யாண சீசனுக்கென்று புதிதாக இறக்கியிருந்த சந்தன நிறப் பட்டைப் படமெடுத்துக் கடையின் முன்கண்ணாடியில் பெரிதாக ஒட்ட வேண்டும் என்றார். அதுவரை நான் எடுத்ததெல்லாம் பிறந்தநாளும் கல்யாணமும்தான். கணினி வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியவள் என்று கடல்தாண்டி ஊரில் இருக்கும் சொந்தமெல்லாம் இன்னும் உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு விளம்பரமாவது உருப்படியாகச் செய்துகாட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு படம் தொங்கியது. பட்டும் நகையும் போட்ட சின்னப் பெண், பால் போல வெள்ளை. அன்ரியின் சாயல் துளியும் இல்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன்.

"இது யாரு அன்ரி, உங்க அக்கா மகளா?"

"எனக்கு அக்கா இல்லைப் பிள்ளை. அது என்ர மகள்தான். சாமத்திய வீட்டுப் படம்."

சாமத்திய வீடு என்றால் எங்கள் பக்கம் மஞ்சள் நீராட்டு. மகள் அப்போது தேநீரோடு குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நல்ல கறுப்பு, நீளக் கழுத்து, பளிச்சென்ற நெற்றி. நான் கேட்டதை அவள் கேட்டுவிட்டாள். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்காமல் போனாள். அந்தப் படத்தை எடுத்தவர்மேல் வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

"அவவைத்தான் மாடலா நிப்பாட்டுறன். படக்காரர் அப்ப எவ்வளவு வடிவாச் செய்து தந்தவர் பாருங்கோ. அதே மாதிரி வெள்ளையா வரவேணும்" என்றார் அன்ரி.

"அவ நிறத்திலேயே எடுத்தா இன்னும் நல்லா வரும் அன்ரி."

"எங்கட சனத்தை எனக்குத் தெரியாதே? கறுத்தப் பிள்ளையைக் கண்ணாடியில ஒட்டினா ஒருத்தரும் உள்ளுக்கு வராயினம். வெள்ளையா வராட்டில் சின்னதா அடிச்சு மூலையில ஒட்டுவம்." கிடைத்த விளம்பரம் கைநழுவிவிடுமோ என்று தலையாட்டி வைத்தேன்.

காரை எடுக்கும்போது மகள் ஜன்னலருகில் வந்தாள். "அம்மாவுக்காகத்தான் நிக்கிறன். பட் என்ட கலரைத் தொடக்கூடாது. தொட்டா நான் போயிடுவன். ப்ராமிஸ்?"

"ஆமா. ப்ராமிஸ்" என்றேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குத் தலையாட்டியாகிவிட்டது.

சத்தியம் செய்வது சுலபம். வெளிர் பட்டு வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும், கறுப்புத் தோலோ வாங்கி வைத்துக்கொள்ளும். முகத்துக்குப் போதுமான விளக்கு வைத்தால் பட்டு வெளுத்துச் சரிகையே தெரியாது. பட்டுக்குப் பார்த்து வைத்தால் முகம் இருண்டு கண் மட்டும் மிதக்கும். சோம்பேறிகள் இந்த இடத்தில்தான் முகத்தைக் கணினியில் வெள்ளையடித்துவிடுகிறார்கள்.

மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை பார்த்தேன். வீட்டில் அவள் நிறத்துக்கு ஆள் யார்? என் கணவர்தான். கதிரை, இல்லை, நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார வைத்து அன்ரி கொடுத்துவிட்ட சந்தனப் பட்டை அவர் தோளில் சுற்றினேன். அன்ரியோடு பேசிப் பேசி எனக்கும் கதிரை ஒட்டிக்கொண்டுவிட்டது.

"இதை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

"அசையாதீங்க. சரிகை சுருங்குது."

விளக்கை நேரே வைக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோனேன். அதன் முன்னால் பெரிய வெள்ளைத் துணியைக் கட்டியதும் வெளிச்சம் மெத்தென்று பரவியது. கன்னத்தின் மேட்டிலும் மூக்கின் ஓரத்திலும் ஒரு பளபளப்பு விழுந்தது. கறுப்பின் அழகே அந்தப் பளபளப்புதான். பிறகு கம்பி ஒன்றில் கறுப்புத் துணியை மாட்டி, பட்டின்மேல் விழும் வெளிச்சத்தைப் பாதியாக மறைத்தேன். முகம் துலங்கியது, சரிகையும் நின்றது. கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

மற்றதையும் முடிவு செய்தேன். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டாம், செங்கல் நிறத் துணி. ரவிக்கை கரும்பச்சை. அன்ரி கேட்ட முழு மணப்பெண் செட் வேண்டாம். ஜிமிக்கியும் ஒற்றைச் சங்கிலியும் போதும், கழுத்து வெறுமையாகத் தெரியட்டும். கைகளில் லேசாக எண்ணெய் பூசிக்கொள்ளலாம்.

படம் எடுக்கும் நாளும் வந்தது. அதே ஷெட். அன்ரி ஒரு மேக்கப் பையோடு இறங்கினார். உள்ளே ஒரு குப்பி முகப்பூச்சு, ஹாலில் தொங்கிய படத்தின் அதே வெள்ளை நிறம். மகள் அதைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய்க் கார் பக்கம் திரும்பினாள்.

"அதைப் பூசினா நான் லைட்டை அணைச்சிடுவேன் அன்ரி" என்றேன்.

"கடை என்ர கடை, பிள்ளை."

"ஆமா. லைட் என்னோடது. ஒரே ஒரு படம் எடுக்கிறேன். பிடிக்கலைன்னா நீங்க வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

அன்ரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் வந்து நின்றாள். எடுத்தேன். கேமராத் திரையைப் பார்த்தேன். முகம் கரிக்கட்டை, பட்டு டியூப்லைட். அன்ரி எட்டிப் பார்த்தார். "நான் சொன்னனான் எல்லே" என்றார். மகள் தரையைப் பார்த்தாள்.

தோற்றுப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. விளக்கைச் சுற்றி நடந்து பார்த்தேன். பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். ஒத்திகையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். இவள் நிற்கிறாள். உட்கார்ந்த மனிதரின் மார்புக்கு வைத்த கறுப்புத் துணி இவளுக்கு இடுப்போடு நின்றுவிட்டது. அதனால் தோளில் இருந்த பட்டு முழு வெளிச்சத்தையும் வாங்கிக்கொண்டது, தாழ்ந்திருந்த விளக்கு முகத்துக்கு எட்டவில்லை. துணியை அவள் தோள் வரைக்கும் உயர்த்தினேன். விளக்கையும் அவள் உயரத்துக்கு ஏற்றி, கன்னத்தில் பளபளப்பு விழும்வரை பக்கவாட்டில் நகர்த்தினேன்.

"அம்மாவைப் பார்க்காதே. என்னைப் பாரு" என்றேன்.

பார்த்தாள். கொஞ்சம் கோபமாகத்தான் பார்த்தாள். எடுத்தேன்.

இந்த முறை கேமராவை அன்ரியிடமே கொடுத்தேன். நெற்றியும் கன்னமும் எண்ணெய் தேய்த்த கருங்காலி போல மின்னின. பட்டில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அன்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் தன் கன்னத்துக்குப் போனது.

"இவ என்னை மாதிரி எல்லே இருக்கிறா" என்றார், என்னிடம் இல்லை, திரையிடம்.

மகள் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "எப்பவும் அப்படித்தான் அம்மா இருந்தனான்."

அன்ரி மேக்கப் பையின் ஜிப்பை இழுத்து மூடி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"பிள்ளை, இது முழுக் கண்ணாடிக்கும் வருமோ?" என்றார். "வீட்டு ஹோல் சுவரில அந்தப் பழைய படத்துக்குப் பதிலாவும் ஒண்டு அடிக்கவேணும்."