ஃபைவ் பி யாருக்கு ஈசி?

சென்ற சனிக்கிழமை என் தோழி ஜமீலா சுவரின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்.

பதற வேண்டாம் – அது உள்ளரங்க ராக் கிளைம்பிங் கூடம். ஜமீலா சிங்கப்பூர் தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கிறாள். ஐம்பது வயதில் எங்களுக்கு ஏன் இந்த ஆசை? தெரிந்தால் சொல்ல மாட்டேனா!

இந்தச் சுவர்களில் ஒவ்வொரு பாதையின் அடியிலும் ஓர் அட்டை இருக்கும். அதில்தான் கிரேடு. நான்கு என்றால் எளிது. ஐந்தில் ஏ, பி, சி என்று கூடிக்கொண்டே போகும். ஆறு என்றால் பார்க்கும்போதே எங்களுக்கு மூச்சு வாங்கும். அந்த அட்டை மட்டும் இல்லையென்றால், முதல் நாளே தெரியாத்தனமாக ஏதோ பயங்கரத்தில் ஏறிவிட்டு, மறுநாள் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம்.

அடுத்த மாதம் எங்கள் குழு டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் நிஜப் பாறை ஏறப் போகிறது. வர விரும்புகிறவர் ஒரு ஃபைவ் பி பாதையையாவது இடையில் கயிற்றில் தொங்காமல் ஏறி முடித்திருக்க வேண்டும். பாதுகாப்புக்கான விதி, நியாயம்தான். நான் தேறிவிட்டேன். ஜமீலாவுக்கு அன்றுதான் கடைசி வாய்ப்பு.

பாதி வழியில் அடுத்த பிடி எட்டவில்லை. அவள் ஐந்தடிக்கும் குறைவு. எம்பினாள், விழுந்தாள். மறுபடி எம்பினாள்...

"ஈசி லா ஆன்ட்டி! ஃபைவ் பி தானே?" – கீழிருந்து ஓர் இளைஞன்.

இறக்கிவிடச் சொன்னாள். கால் தரையில் பட்டதும் ஷூவைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"விடுப்பா. நீங்கள்லாம் போய்ட்டு வாங்க. எனக்கு இது சரிப்படாது."

சுவரில் பிடிகளைப் பொருத்தி அந்தப் பாதையை அமைத்த கூடத்து ஊழியர் ஷாலினி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். "ஒரு நிமிஷம் ஆன்ட்டி" என்று தானே ஏறினாள். அந்த இடம் வந்ததும், ஜமீலாவுக்கு எட்டும் அளவுக்கு மட்டும் கையை நீட்டிப் பார்த்தாள். காலை இடுப்புயரத்துக்குத் தூக்கி வைத்து, விரல் நுனியில் தொங்கி... அவளுக்கே சறுக்கியது!

"ஸாரி ஆன்ட்டி" என்றாள் இறங்கி வந்து. "என் கைய வச்சே கிரேடு போட்டுட்டேன். உங்க ஹைட்டுக்கு இது சிக்ஸ் ஏ. இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

ஜமீலா நிமிர்ந்தாள்.

"அப்ப நான் விழுந்தது சிக்ஸ் ஏ-லயா?"

"ஆமா ஆன்ட்டி."

"அடியாத்தி! மககிட்ட சொல்லணும் லா!"

கழற்றிய ஷூவை மறுபடி மாட்டினாள். வேறொருவர் அமைத்த இன்னொரு ஃபைவ் பி-க்கு நடந்தாள். ஏறத் தொடங்கினாள். நின்று மூச்சு வாங்கினாள், என்னவோ முணுமுணுத்தாள். ஆனால் ஒரு முறைகூடக் கயிற்றில் தொங்கவில்லை. உச்சிப் பிடியை அவள் தட்டியபோது எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது அந்த இளைஞன்தான்.

கிரேடு நல்ல விஷயம். எங்கே தொடங்கலாம், எதற்கு இன்னும் காத்திருக்கலாம் என்று சொல்கிறது. ஆனால் அது நமக்கு முன்னால் ஏறிப் பார்த்த ஒருவரின் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

இனி யாராவது எதையாவது 'ஈசி' என்றால் – முதலில் அவர் உயரத்தைக் கேளுங்கள்!