அத்தானுக்கு அறுபது ஆகவில்லை

ஐகோர்ட் நீதிபதிகள் எந்த வயதில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஜவுளிக்கடைக்காரனுக்கு இந்த விஷயமெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குப் புரிந்த அளவுக்கு அவர்களுக்குப் புரியாது. என் அக்காள் வீட்டுக்காரர் ஐகோர்ட் நீதிபதி. அவரை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. ‘அவர்’ என்று எழுதுவதே வளர்ப்புத் தோஷம்தான்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது அத்தான் புதுக்கோட்டையில் பெயரெடுத்த வக்கீல். சமஸ்தானக் கோர்ட் இனி இருக்காது, அங்கே இருக்கிற வயதான நீதிபதிகளுக்கு என்ன வழி என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. என் கடையில் உட்கார்ந்து, வேட்டி எடுக்க வந்தவர்கள் காதிலும் விழும்படி அத்தான் சொன்னார்: “வயசானவுக கௌரவமா ஒதுங்கிக்கிறணும். அறுபதுக்கு மேலயும் நாற்காலியப் பிடிச்சுத் தொங்குறது அசிங்கமுங்க.” எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு அவருக்கு நாற்பத்தாறு வயது.

பிறகு பட்டணத்துக்குப் போனார், சில வருஷத்தில் நீதிபதியும் ஆனார். பங்களா, கார், வாசலில் டவாலிச் சேவகன். குழந்தை இல்லாத அக்காளுக்கு அத்தான்தான் எல்லாம். அவள் அவரிடம் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று, அறுபதாம் கல்யாணம்.

அத்தான் பிறந்தது பிலவ வருஷம் ஐப்பசி மாதம். திருமயத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, அந்தக் கால வழக்கப்படி, வயதில் இரண்டைக் குறைத்து எழுதிவிட்டார்கள். சர்க்கார் கணக்கில் அவர் சோபகிருது வருஷத்துப் பிள்ளை. பாதிப் பேருக்கு அப்படித்தான், அதில் ஒரு பாவமும் இல்லை. சர்க்காருக்கு ஒரு வயது, சாமிக்கு ஒரு வயது என்று காலம் ஓடிவிடும். அறுபதாம் கல்யாணத்தில்தான் இரண்டும் முட்டிக்கொள்ளும். அறுபது வருஷமும் ஒரு சுற்று வந்து, பிறந்த வருஷத்தின் பெயர் திரும்பும்போதுதான் பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதின வயது செல்லாது.

அறுபத்தொன்றில் பிலவ திரும்பி வந்தது. பிறந்த வீட்டுச் சீர் என் பொறுப்பு. காஞ்சிபுரத்துக்குப் போய் அரக்குச் சிவப்பில் ஒரு கூறைச் சேலை எடுத்தேன். என் கடையில் அதைப் போன்ற சேலை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போனேன். அத்தான் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட விடவில்லை. அறுபது ஆனால் நீதிபதி இறங்கிவிட வேண்டும் என்பது அப்போது சட்டம்.

“மாப்பிள்ளை, ஒனக்கு வெவரம் பத்தாது. அறுபதாங் கல்யாணம்னு நாலு பேரைக் கூப்பிட்டா, நாளைக்கே டெல்லிக்கு மொட்டைப் பெட்டிஷன் போகும். என் எடத்துக்குக் காத்துக்கிட்டு நிக்கிறவன் எத்தனை பேருன்னு தெரியுமா ஒனக்கு?”

அக்காள் சொன்னாள்: “யாரையும் கூப்பிட வேணாங்க. திருக்கோகர்ணத்துக் கோயில்ல நாம மூணு பேரும் ஐயரும் இருந்தாப் போதும்.”

“அந்த ஐயர் வாய மூடிக்கிட்டு இருப்பாரா? ரெண்டு வருசம் பொறு. சர்க்கார் கணக்குல அறுபது வரட்டும், ஜாம்ஜாம்னு நடத்துவோம்.”

“அது நீங்க பொறந்த வருசம் இல்லையே. சாமி முன்னாடி பொய்க் கணக்குச் சொல்லிக் கட்டுற தாலி எனக்கு வேணாங்க.”

அத்தான் சிரித்துக்கொண்டே கேஸ் கட்டை எடுத்து வைத்துக்கொண்டார். ஊரார் பொய்யையெல்லாம் நிறுத்துப் பார்க்கிற மனிதர்! பிலவ வருஷத்து ஐப்பசி அப்படியே போயிற்று. சேலை என் வீட்டு பீரோவுக்குத் திரும்பி வந்தது.

கல்யாணம் நடக்காவிட்டாலும் மொட்டைப் பெட்டிஷன் போகாமல் இருக்கவில்லை. சொந்த ஊர்க்காரன் எவனோ நிஜ வயதை எழுதிப் போட்டுவிட்டான். அதற்குள் இன்னொரு பேச்சும் கிளம்பியது. அரசியல் சட்டத்தைத் திருத்தி, அறுபதை அறுபத்திரண்டு ஆக்கப்போகிறார்களாம். அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாருக்கு டெல்லியில் யாரைத் தெரியும், எந்த எம்.பி. யாருடைய சம்பந்தி, இதுதான் ராப்பகலாக விசாரணை. அனுபவமுள்ள நீதிபதிகளை நாடு இழக்கக் கூடாது என்று என்னிடமே பிரசங்கம் செய்தார். என் கடையில் அவர் பேசியதை ஞாபகப்படுத்தினேன். “அது வேற, இது வேற” என்றார். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

அக்காளுக்குச் சர்க்கரை வியாதி. காலில் வந்த புண் ஆறவில்லை. பங்களாவில் கவனிக்க ஆளில்லை என்று அறுபத்துமூன்றில் அவளைத் திருக்கோகர்ணத்துக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். கட்டிலில் படுத்தபடி சேலையை எடுத்து வரச் சொல்லுவாள். தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வைக்கச் சொல்லுவாள். சோபகிருது வருஷம் பிறந்ததும் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்த வருசமா இருந்தா என்ன தம்பி? அவுக கணக்குப்படியே இருக்கட்டும். கட்டினாப் போதும். அவுககிட்டச் சொல்லு.”

பொய்க் கணக்குத் தாலி வேண்டாம் என்றவள் இவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டாள். நான் பட்டணத்துக்கு ஓடினேன். அத்தான் தலையை ஆட்டினார். “இப்பவா? சட்டம் இன்னும் பாஸாகலையே. எனக்கு அறுபது ஆச்சுன்னு நானே தண்டோராப் போடவா? பாஸாகட்டும், பாப்போம்.”

ஊருக்குத் திரும்பி, நடத்தலாம் என்று அத்தான் சொல்லிவிட்டதாக அக்காளிடம் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ஆவணியில் அவள் போய்விட்டாள். நீதிபதி வீட்டுத் துக்கம் அல்லவா, திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் தெருவை அடைத்து நின்றார்கள். பிறந்த வீட்டுக் கோடித் துணி போடுகிற நேரம் வந்தது. பீரோவைத் திறந்து அந்தச் சேலையைத்தான் எடுத்தேன். அதற்குள் அத்தான் என் தோளைத் தொட்டுக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். அழுது கண் சிவந்திருந்தது. பொய் அழுகை இல்லை, அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

“மாப்பிள்ளை, இது அந்தச் சேலையா?”

“ஆமாங்க.”

“யாரும் கேட்டா, தீபாவளிக்கு எடுத்ததுன்னு சொல்லு. பெட்டிஷன் இன்னும் பைசலாகலை.”

நான் கூடத்துக்குப் போனேன். சேலையை விரித்து அக்காள்மேல் போர்த்தினேன். தெருக்கோடிவரை கேட்கும்படி சத்தம் போட்டேன்: “ஆத்தா, ஒன்னோட அறுபதாங் கல்யாணச் சேலை இது! பிலவ வருசத்துல எடுத்தது. இன்னைக்குத்தான் கட்டிக்க முடிஞ்சது ஒனக்கு!”

அத்தான் ஊரிலிருந்து வந்த பெண்கள் அதைக் கேட்டதும் ஓவென்று வாய்விட்டு அழுதார்கள். வாசலில் நின்ற கனவான்களில் ஒருவருக்கும் அது காதில் விழவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர் தென்னை மரத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் அவரால் ஆக வேண்டிய காரியம் ஏதோ இருந்தது.

சட்டம் அடுத்த மாதமே அமலுக்கு வந்தது. பெட்டிஷன் போன இடம் தெரியவில்லை. ஐப்பசியில் அத்தான் காரில் வந்து இறங்கினார். முகம் தெளிந்திருந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசத்துக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

“இன்னும் ரெண்டு மாசம் அவ பொறுத்திருக்கலாம் மாப்பிள்ளை. ஜாம்ஜாம்னு நடத்தியிருப்பேன்.”

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.