மாடில்லாத கௌபாய்கள்

ஜெர்மனியில் கொலோன் நகருக்கு வெளியே ஒரு புல்வெளியில் நடந்த கௌபாய்க் கலைவிழாவுக்கு என்னை மனைவி இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போனதும் எண்ணத் தொடங்கினேன். அகன்ற தொப்பிகளை நூறோடு விட்டுவிட்டேன். குதிரைகள் நான்கு. மாடு ஒன்றுகூட இல்லை. மாடில்லாமல் இத்தனை மாட்டுக்காரர் எதற்கு என்று வாசலில் நின்றவரிடம் கேட்டேன். இடுப்பில் பிளாஸ்டிக் துப்பாக்கி தொங்க, அவர் சிரித்துக்கொண்டே நிகழ்ச்சி நிரலைத் தந்தார்.

ஒரு கூடாரத்தின் முன்னால் ஒருவர் அமெரிக்கப் பாலைவனத்தை வரைந்துகொண்டிருந்தார். படத்தில் தூறல் விழாமல் அவருடைய மனைவி குடை பிடித்தாள். பக்கத்தில் மூன்று பேர் ஒரே சேணத்தில் பூச் செதுக்கினார்கள். மேடையில் ஒரு மனிதர், தான் ஒருநாளும் ஓட்டாத மந்தையைப் பற்றிக் கவிதை வாசித்தார். அதற்குப் பதினொரு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் இதையெல்லாம் பொறுத்திருந்ததற்குக் காரணம், மனைவி கௌபாய் நடனம் ஆட இருந்தாள். அறுபத்தாறு வயதில், பக்கத்து வீட்டு ஜெர்மன் பெண்களோடு ஒரு பள்ளி மண்டபத்தில் பழகி, இன்றுதான் முதன்முறையாக ஆட்கள் முன். வீடியோ எடுக்கவேண்டியது நான்.

ஆட்டத்துக்குச் சற்று முன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஆடேல்லை."

"ஏன், முழங்காலோ?"

"அதில்லை. நடுவில நெருப்பு மூட்டியிருக்கினம். அதை இடப்பக்கமா எல்லோ சுத்தவேணும்! மண்டபத்தில நடுவில ஒண்டும் இருக்கேல்லை. நெருப்பை இடப்பக்கமாச் சுத்துறது செத்தவீட்டில."

"வலப்பக்கமாச் சுத்தேலாதோ எண்டு கேட்டனீரோ?"

"கேட்டன். இந்த ஆட்டமே அப்பிடித்தானாம். நான் ஒருத்தி எதிராப் போனால் எல்லாரோடயும் முட்டுப்படுவன்."

ஆட்டம் பழக்கிய பெண் பல் வைத்தியரிடம் வருபவர்களுக்கு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கொடுப்பவள். இன்று தகர நட்சத்திரம் குத்தி ஷெரிப்பாக நின்றாள். அவளிடம் செத்தவீட்டை விளங்கப்படுத்த யாரால் முடியும்? மனைவி இன்று விலகினால் அந்தப் பெண்களின் முகத்தில் இனி விழிக்கமாட்டாள், மண்டபத்துக்கும் போகமாட்டாள்.

நான் போய் அந்த நெருப்பைக் குனிந்து பார்த்தேன். ஐந்து கட்டைகள். நடுவில் செம்மஞ்சள் துணி, அடியில் ஒரு மின்விசிறி, ஒரு பல்பு. அன்று கண்ட பொய்களில் இதுதான் பெரியது.

"இஞ்சை வாரும். கையை வையும்."

"சுடுமெல்லே!"

"வையும் எண்டுறன்."

வைத்தாள். "ஐயோ, துணி!"

"துணிதான். மாடும் இல்லை, நெருப்பும் இல்லை. இதைச் சுத்த வலமென்ன, இடமென்ன?"

"உங்கட நக்கலும் ஒருநாளைக்கு உதவுது" என்று சிரித்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பதினாறு பேர் ஆடினார்கள். அவளுடைய கால் இரண்டு தரம் பிந்தியது, ஷெரிப்பின் கால் நான்கு தரம்.

கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் பியர்க் கூடாரத்துக்குப் போனார்கள். மனைவியைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். விசிறியை நிறுத்திவிட்டிருந்தார்கள், துணி கட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் நின்று அவள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"துணி எண்டு காட்டினனான் எல்லோ?"

"துணிதான். இதைப் பிடியுங்கோ."

பூட்ஸையும் தொப்பியையும் என் கையில் தந்துவிட்டு, காலுறையோடு ஈரப் புல்லில் அதை வலமாகச் சுற்றினாள்.

"எத்தினை வந்திட்டன்?"

"ரெண்டு" என்றேன்.

இன்னும் ஒன்று வந்தாள்.