தெற்கே போன ஹொக்கிக்காரன்

கிருபன் ரொறன்ரோவுக்கு வந்தபோது வயது ஒன்பது. அந்த ஊரில் ஐஸ் ஹொக்கி தொடங்க அது பிந்திய வயது. அவனோடு படித்த பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு ஐஸில் ஏறியவர்கள். இவனோ வோபர்னில் தங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், நகரசபை இலவசமாகத் திறந்துவிடும் ஐஸ் தளத்தில், பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் தந்த பழைய ஸ்கேற் சப்பாத்தோடு விழுந்து விழுந்து பழகினான். பதினாறு வயதில் ஆறடியைத் தாண்டிவிட்டான். தோள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனாலும் மற்றவர்கள் சட்டென்று வளைந்து திரும்பும் இடத்தில் இவன் கொஞ்சம் பிந்துவான். அந்தக் கொஞ்சத்தை எத்தனை வருடம் பயிற்சி செய்தும் அவனால் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

1995 இலையுதிர்காலத்தில், அவனுக்கு இருபது வயதானபோது, அமெரிக்காவின் தெற்கில் ஒரு சின்ன நகரத்து அணி அவனைக் கூப்பிட்டது. ரீவியில் காட்டும் பெரிய லீக்கிற்குப் பல படி கீழே உள்ள லீக். என்றாலும் சம்பளம் கொடுத்து விளையாட வைப்பவர்கள். உணவகச் சமையலறையில் வேலை செய்த தகப்பன் சண்முகநாதனுக்கு மகன் படிப்பை விடுவது பிடிக்கவில்லை. தாய் பாலேஸ்வரிதான், "ஆசைப்பட்டதைச் செய்யட்டுமேன், ஒருக்காப் போய்ப் பாக்கட்டும்" என்று வழி திறந்துவிட்டாள்.

அங்கே போன கிழமையே கோச் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உன்னுடைய வேகத்துக்கு இந்த அணியில் இடமில்லை என்று நேராகவே சொன்னார். ஆனால் நேற்றுப் பயிற்சியில் ஒருவனை மோதி விழுத்தினாயே, அதற்கு இடமிருக்கிறது என்றார்.

அந்த லீக்கில் ஒவ்வொரு அணியும் அப்படி ஒருவனை வைத்திருந்தது. தங்கள் நல்ல ஆட்டக்காரனை எதிரணி முறைத்தால் இவன் ஐஸில் இறங்குவான். எதிரணியின் ஆளும் இறங்குவான். இருவரும் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒருவன் விழும்வரை முகத்தில் குத்துவார்கள். நடுவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு இருவரும் ஐஸ் ஓரத்துத் தண்டனைக் கூண்டில் போய் உட்காருவார்கள். சனம் எழுந்து நின்று கத்தும். கிருபன் பள்ளிக்கூடத்தில்கூட யாரையும் அடித்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் பழகிக்கொண்டான்.

அவன் ஐஸில் காலை வைத்ததும், இந்தியன் என்று நினைத்து, அரங்கத்து ஓர்கனில் பாம்பாட்டி இசை வாசிப்பார்கள். சனம் கைகளைப் பாம்புப் படம்போல உயர்த்தி ஆடும். முதல் முறை கேட்டபோது கிருபனும் சிரித்தான். பிறகு அந்த இசை தொடங்கினால் சனத்தின் பக்கம் பார்க்காமல் இறங்கப் பழகினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் எடுப்பான்.

"எத்தினை கோல் அடிச்சனி?" என்பாள் பாலேஸ்வரி.

"ரெண்டம்மா."

"சாப்பிட்டியே?"

"ஓம், ஓம்."

அந்த 'ரெண்டை' அவள் கோயிலிலும் தான் வேலை செய்த தையல் பக்ரறியிலும் போய்ச் சொல்லுவாள். உண்மையில் அவன் விளையாடிய காலம் முழுவதிலும் ஒரேயொரு கோல்தான். யாரோ அடித்த றப்பர் வட்டு அவன் காலில் பட்டு வலைக்குள் போனது. அணிக்காரர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். அதை மட்டும் அவன் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அதற்குள் பொய்க் கோல்கள் எத்தனையோ சொல்லியாகிவிட்டது. இதை எந்த வாயால் தனியாகச் சொல்வது?

இரண்டாவது வருடம் பத்மநாதன் வந்தார். ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரனில் இருந்து தெற்கே லொறி ஓட்டுகிறவர், சண்முகநாதனின் நண்பர். பாலேஸ்வரி கொடுத்துவிட்ட முறுக்கையும் பயத்தம் பணியாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அரங்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று கிருபனுக்கு நல்ல அடி. புருவம் கிழிந்து இரத்தம் ஐஸில் கொட்டியது. ஆட்டம் முடிந்ததும் தையல் போட்ட முகத்தோடு வாசலுக்கு வந்தான்.

"உதுவோடா உன்ர விளையாட்டு?"

"அங்கிள், அம்மாட்டச் சொல்லாதேங்கோ."

பத்மநாதன் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சொன்னார்.

சண்முகநாதனுக்கு இடது காது கேளாது. யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச் சாவடியில் சிப்பாய் அறைந்த அறை. அது நடந்த வருடமே பிள்ளையையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர் அவர். மகன் யாரிடமோ அடி வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று கேட்டதும் சமையலறையில் லீவு சொல்லிவிட்டு, அடுத்த பயணத்தில் பத்மநாதனின் லொறியில் ஏறினார். போகும் வழியெல்லாம், கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஆனால் அவர் அரங்கத்தில் இருந்து பார்த்த அன்று அடி வாங்கியது கிருபன் அல்ல. எதிரணியில் புதிதாக வந்த ஒரு பெடியன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன். கிருபன் இடது கையால் அவன் சட்டையைச் சுருட்டிப் பிடித்தான். வலது கையால் குத்தினான். பெடியனின் முழங்கால் மடிந்த பிறகும் இரண்டு குத்து விழுந்தது. பாம்பாட்டி இசையும் சனத்தின் கூச்சலும் சேர்ந்து அரங்கத்தை உலுக்கின. முன்வரிசையில் ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். பெடியன் எழும்பவில்லை. இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆட்டம் முடிந்து கிருபன் வெளியே வந்து தகப்பனைக் கண்டு திகைத்து நின்றான்.

"அந்தப் பெடியன் எழும்பிட்டானோ?" என்றார் சண்முகநாதன்.

"தெரியேல்லை அப்பா."

"கேட்கேல்லையோ?"

"நாங்கள் கேக்கிறேல்லை. அவனும் உதுக்குத்தான் வாறவன்."

"நட. போய்ப் பாப்பம்."

எதிரணியின் அறை வாசலில் அந்தப் பெடியன் தாடையில் ஐஸ் பையை அழுத்தியபடி ஒரு வாங்கில் இருந்தான். சண்முகநாதனைக் கண்டதும் மரியாதையாக எழும்பப் பார்த்தான். உங்கள் மகனுக்கு நல்ல வலது கை, ஐயா, என்று வீங்கிய வாயால் ஆங்கிலத்தில் சொன்னான். கிருபனிடம் கையை நீட்டினான். இருவரும் கைகுலுக்கினார்கள்.

இழுத்துக்கொண்டு போக வந்த மனிதர் மகனை அங்கேயே விட்டுவிட்டு லொறியில் ஏறினார். பையன்கள் இருவரும் கோபமே இல்லாமல் கைகுலுக்கியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று பத்மநாதன் பிறகு சொன்னார். அந்தச் சிப்பாய்க்காவது தன்மேல் கோபம் இருந்தது என்று லொறியில் ஒரு தரம் முணுமுணுத்தாராம்.

கிருபன் வரவில்லை. இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் மேலே உள்ள லீக்கில் எடுப்பார்கள் என்று கோச் சொல்லியிருந்தார். யாரும் எடுக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் ஒருவனின் தலைக்கவசத்தில் குத்தியதில் வலது கை எலும்புகள் நொறுங்கின. கை ஆறுமுன்னரே இன்னொரு சண்டையில் பின்தலை ஐஸில் அடிபட்டு நினைவு தப்பியது. எழுந்தபோது தான் எந்த நகரத்தில் இருக்கிறான் என்று தெரியவில்லை. கிழமை முடியுமுன் அணி அவனை நிறுத்திவிட்டது. அவன் இடத்துக்கு வேறொருவன் ஏற்கெனவே வந்துவிட்டான்.

வோபர்னுக்குத் திரும்பியவன் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தான். வெளிச்சம் பட்டால் தலையிடி. கோப்பை விழுந்த சத்தத்துக்கும் துள்ளி எழுந்தான். சோற்றைக் குழைத்துத் திரட்ட அந்த வலது கை மடங்கவில்லை. பாலேஸ்வரி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் இருந்தாள்.

"உண்மையைச் சொல்லு. அங்கை என்ன செய்தனி?"

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், காலில் பட்டுப் போன அந்த ஒரு கோல் உட்பட. அவள் அணைத்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தான். அவள் கோபப்பட்டாள்.

"நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். என்னை என்னண்டு நினைச்சனி? பொய்யைத் திண்டிட்டுக் கிடப்பன் எண்டோ?" சண்முகநாதன் பக்கம் திரும்பினாள். "நீங்கள் கண்ணாலை கண்டிட்டும் வாய் திறக்கேல்லை."

பல நாள் அந்த வீட்டில் மூன்று பேரும் வெவ்வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் யாரோ, மகன் ஏன் விளையாட்டை விட்டவன் என்று கேட்டார்கள். பாலேஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. "அவன் அங்கை கோல் அடிக்கேல்லை. ஆக்களை அடிச்சவன். இப்ப விட்டிட்டான்" என்றாள். வீட்டுக்கு வந்து அதை மகனிடமும் அப்படியே சொன்னாள். அன்றிரவு அவன் அவளோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டான்.

பத்மநாதன் அவனுக்குப் பிறம்ரனில் ஒரு கிடங்கில் வேலை எடுத்துக் கொடுத்தார். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டிகள் ஏற்றுகிறான். கூட வேலை செய்பவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. தலையிடி குறைந்திருக்கிறது, போகவில்லை. சில வேளை பேச்சின் நடுவில் ஒரு சொல் தவறிவிடுகிறது. அப்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடுகிறான். இருபத்து மூன்று வயது. டாக்குத்தர், பொறுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார்.