முதுகு ஆறும்வரை

சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் கடலை ஒட்டி ஒரு மீனவர் குப்பம். நகரம் சுற்றி வளைத்துக்கொண்ட பழைய கிராமம் அது. வெளியூர்க்காரர்களைக் காலை நேரத்தில் அங்கே கூட்டிப்போய்க் காட்டுவது என் தொழில். படகு கரையேறுவதைப் பார்ப்பார்கள். மீன் விற்கும் அக்கா ஒருவர் வீட்டில் இட்லியும் மீன்குழம்பும் சாப்பிடுவார்கள். கடைசியில் மணலில் குதிரைச் சவாரி. ஆள் அனுப்பும் டிராவல்ஸ்காரர் சேர்த்த அம்சம் அது.

ஒரு நாள் சவாரி முடிந்து குதிரைக்கார பாய் சேணத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். குதிரையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நான் கையை நீட்டியதுமே அது உடம்பைச் சுருக்கிக்கொண்டது.

“பாய், இதுமேல எப்படி ஆளை ஏத்துறீங்க?”

“மருந்து போட்டுக்கினுதாம்மா கீறேன். சும்மா நின்னா அது இன்னா துன்னும், நான் இன்னா துன்றது?”

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அந்தப் புண்மேல் இன்னொருவரை ஏற்ற என்னால் முடியாது. டிராவல்ஸ்காரரைப் போனில் அழைத்துச் சவாரி கிடையாது என்றேன்.

“மேடம், குதிரை இல்லேன்னா யாரு வருவா? நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“பாத்துக்குங்க சார்.”

அத்தோடு அவர் ஆள் அனுப்புவது நின்றது.

விஷயம் தெரிந்ததும் பாய் கடற்கரை முழுக்கக் கேட்கக் கத்தினார். “என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!”

அக்கா மீன் கூடையை இறக்கி வைத்தார். “கத்தாத பாய். இந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேளு.”

சவாரிக்குப் பதிலாகக் குதிரையைக் குளிப்பாட்டுவதையும் தீனி வைப்பதையும் விருந்தாளிகளுக்குக் காட்டலாம், அவரும் எங்களோடு நடக்கலாம், வருமானத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்றேன்.

“குதிர குளிக்கிறத பாக்க எவன் வருவான்?” என்று சிரித்துவிட்டார். ஆனால் போய்விடவில்லை.

முதலில் யாரும் வரத்தான் இல்லை. ஆழ்வார்பேட்டை விடுதிகளில் ஏறி இறங்கினேன். மயிலாப்பூர் அடுக்ககங்களில் கதவு கதவாகத் தட்டினேன். கால்நடை மருத்துவரைக் கையோடு அழைத்து வந்தேன். பிறகு இருவர், மூவர் என்று வரத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறிலிருந்து அம்மாவோடு வந்த சிறுமி, “மேல ஏறலாமா?” என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் பாய் சொன்னார்:

“இல்ல கண்ணு, அதுக்கு முதுகு வலிக்குது. வா, தேச்சு வுடலாம்.”

அவள் கழுத்தைத் தேய்க்கத் தேய்க்க, குதிரை கீழுதட்டைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

இப்போது புண் ஆறிவிட்டது. முடியும் முளைத்துவிட்டது. “இனிமே ஏத்தலாமே?” என்று பாய் அவ்வப்போது கேட்கிறார். கூடாது, மறுபடியும் புண்ணாகும் என்கிறேன். சண்டை போட்டுக்கொண்டேதான் நடக்கிறோம். அதே மணலில், உச்சி வெயிலில், டிராவல்ஸ்காரரின் புது ஆள் வேறொரு குதிரைமேல் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார். நாளை அந்தக் குதிரையின் சொந்தக்காரரிடம் பேசப் போகிறேன். தானும் வருவதாக பாய் சொல்லியிருக்கிறார்.