வெர்ஸியின் பெயர் வரும்வரை

ஒடெல்லா பிரூவிட் மெம்பிஸ் நகரத்தில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவள். இசைத்தட்டுக் கம்பெனிகள் நொடித்துப்போனபோது மறுபடி துணி வெளுக்கவே போனாள். நடுவில் சில வருடங்கள், அவளே கட்டிப் பாடிய ப்ளூஸ் என்கிற கறுப்பர் பாட்டுத் தட்டுகள் கடைகளில் விற்றன. பெரும்பாலும் கம்பெனிக்காரர்கள் கேட்டுவாங்கியவை, ஓடிப்போன புருஷனைக் கிண்டலடிக்கும் பாட்டுகள். முதல் தட்டைத்தான் தனக்காகப் பாடினாள்.

மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த வருடம் அவள் தங்கை வெர்ஸி வெள்ளத்தோடு போனாள். உடல் கிடைக்கவில்லை. குழி இல்லாததால் பெயர் எழுதிய பலகையும் இல்லை. முதல் தட்டுக்காக ஒடெல்லா அவளைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினாள். மழை பிடித்தது, கரை உடைந்தது, கூரைமேல் ஏறியது, படகில் இடமில்லாமல் போனது என்று வளர்ந்து, கடைசிச் சரணத்தில்தான் வெர்ஸியின் பெயர் வரும்.

ஒலிப்பதிவு ஒரு ஓட்டல் மாடி அறையில் நடந்தது. வெளிச்சத்தம் வராதபடி சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. சரியான புழுக்கம். பதிவு செய்ய வந்த வெள்ளைக்காரர் சொன்னார்: "சிவப்பு விளக்கு எரிஞ்சா ஆரம்பி. மறுபடி எரிஞ்சா முடிச்சிடணும். மெழுகுத் தட்டுல மூணு நிமிஷந்தான் இடம்."

முதல் தடவை, படகுச் சரணம் வருவதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. மெழுகு வீண்.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி," என்றார் அவர். "நடுவுல ரெண்டு சரணத்த வெட்டிடு."

"எத வெட்ட, துரை? கூரையையா, படகையா?"

கிதார் வாசித்த அவள் கணவன் லோன்சோ குனிந்து அவள் காதில் சொன்னான்: "பேர முதல்லயே பாடிடேன்டி."

"நடந்தத சொல்லாம பேர மட்டும் சொன்னா, யாரோ ஒருத்தின்னு போயிடுவாங்கய்யா."

அவர்கள் வழக்கத்தில் சரணத்தின் முதல் அடியை இரண்டு தடவை பாடுவார்கள். கேட்கிறவர்களும் இரண்டாவது தடவையில் சேர்ந்துகொள்வார்கள். அப்புறந்தான் அதற்குப் பதில் சொல்லும் அடி, பதிலடி. ஒடெல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடிய ஒரு தடவதான் பாடப் போறேன். நேரா பதிலுக்கு வந்துடு."

"பைத்தியமா உனக்கு? என் விரல் கேக்காது."

"கேக்க வை."

விரல் கேட்கவில்லை. முதல் சரணத்தில் பழக்கதோஷத்தில் கிதார் பின்னால் தங்கிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் பாடிக்கொண்டே போனாள். லோன்சோ தடுமாறி ஓடிவந்து சேர்ந்துகொண்டான். விளக்கு எரிந்தபோது வெர்ஸியின் பெயர் மெழுகில் ஏறியிருந்தது.

"தாறுமாறா இருக்கு," என்றார் வெள்ளைக்காரர். ஆனாலும் எடுத்துக்கொண்டார்.

தட்டு வந்ததும் ஒடெல்லா அதை ஊருக்குக் கொண்டுபோனாள். அம்மா ஆல்மா தேவாலயத்துக்காரி. ப்ளூஸ் பாவப் பாட்டு, வீட்டுக்குள் வரக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டு கோர்டீலியாவின் கிராமபோன் பெட்டியில் வைத்தார்கள். கூடியிருந்தவர்கள் வழக்கம்போல முதல் அடியை மறுபடி பாட வாயெடுத்தார்கள். அதற்குள் தட்டு பதிலடிக்குப் போய்விட்டிருந்தது. "என்னடி இது, ரயிலப் பிடிக்கப் போறியா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சரணத்திலும் இடறினார்கள். அதன்பின் யாரும் சேர்ந்து பாடவில்லை. கூரை வந்தது. படகு வந்து போனது. கடைசியில் வெர்ஸியின் பெயர் வந்தது.

ஆல்மா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று ஒடெல்லாவுக்குத் தெரியவில்லை.

"அவ பேரு வர்ற இடத்த மட்டும் வைக்க முடியாதா?"

"முள்ள அப்படி வைக்கத் தெரியாது, ஆல்மாக்கா," என்றாள் கோர்டீலியா. "முழுசாத்தான் கேக்கணும்."

ஆல்மா தொப்பியைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, வை."