தடுப்புக் கம்பியருகே நின்றவர்

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை, புத்தாண்டு விளக்குகளைக் காட்ட ஆறு வயது மகளைப் பெங்களூர்க் கடைவீதிக்கு அழைத்துப் போயிருந்தேன். ஏழு மணிக்கே கூட்டம் நெருக்கியது. பின்னாலிருந்து தள்ளியதில் அவள் கை என் பிடியிலிருந்து நழுவியது. அலறல் மட்டும் கேட்டது, ஆளைக் காணவில்லை.

தடுப்புக் கம்பியருகே நின்ற பெண் காவலர்தான் உள்ளே பாய்ந்து அவளை அள்ளித் தூக்கினார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை. கடந்து போகும் ஒவ்வொரு குழந்தையின் தலையையும் தொட்டுத் தொட்டுத்தான் வெளியே அனுப்பினார்.

"கையைப் புடிச்சா போதாதும்மா, தூக்கிக்கோ. ஸ்வல்ப நேரம் இப்படி ஓரமா நில்லு."

மகளை வாங்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டேன்: "உங்களுக்குப் பயமா இல்லையா மேடம்?"

"இல்லாம? என் பொண்ணும் ஃபிரெண்ட்ஸோட இங்கதான் எங்கயோ இருக்கா. ஒரு மணி நேரமா ஃபோன் எடுக்கல."

"போய்த் தேடுங்களேன்!"

"நான் போனா இங்க யாரு நிக்கிறது?" என்றவர், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி விசிலை ஊதினார்.

அவருடைய மகள் ஃபோனை எடுத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஓடியிருப்பேன் என்பது மட்டும் தெரியும்.